சல்லென்று போகிற வரிசை

"ஒரே திசையில படுக்க வைக்கவே ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே!"

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த ஆராய்ச்சி மாணவி அழாத குறையாகச் சொன்னாள். டிரைவர் போட்ட பிரேக்கில், மடியிலிருந்த அட்டைப்பெட்டிக்குள் அவளுடைய கண்ணாடித் தகடு இரண்டாகியிருந்தது. பக்கத்தில் அவள் அண்ணன், பீங்கான் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவர்.

"எதைப் படுக்க வச்ச?"

"இதுமேல கண்ணுக்கே தெரியாத கம்பிங்க இருக்குதுண்ணே. தாறுமாறா கெடந்தா கரண்டு தடுமாறும். வரிசையா படுத்தா சல்லுன்னு போவும்."

அண்ணன் பெட்டிக்குள், தகட்டைச் சுற்றியிருந்த வைக்கோலை எட்டிப் பார்த்தார்.

"கம்பி சரி. வைக்கோலையும் ஏம்மா வரிசையா அடுக்கின? நாங்க குறுக்கும் நெடுக்குமாத்தான் திணிப்போம்."

"ஏன்?"

"வரிசையா வச்சா, பிரேக் போட்டதும் கண்ணாடியும் சல்லுன்னு போவும்."