படிகாரம் கொதிக்கும் நேரம்

— அசையாதேங்கோ டொக்டர்! கையை எடுங்கோ. இனித் திருகினால் உள்ளுக்கை இன்னும் இறுகிப் போகும்.

— உடைஞ்சிடுச்சா?

— பின்னை? சத்தம் கேக்கேல்லையோ? மரை வெட்டுற டேப் பாதி உங்கடை கையிலை, பாதி சிலிண்டருக்குள்ளை. இந்த வருசத்திலை இது ஏழாவது.

— ஸாரிங்க தவநாயகி. எண்ணெய் எல்லாம் விட்டேனே...

— எண்ணெய் விட்டால் காணுமோ? எத்தினை தரம் சொன்னனான். அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்று பின்னுக்கு. பின்னுக்குத் திருப்பினால்தான் உலோகச் சீவல் முறிஞ்சு வெளியிலை வரும். நீங்கள் பூட்டுத் திறக்கிற மாதிரி ஒரே திருகு. விளங்குதோ?

— விளங்குது. கைதான் கேக்க மாட்டேங்குது.

— ஆஸ்பத்திரியிலை மயக்க ஊசி போடுற கை. முள்ளந்தண்டுக்குள்ளை ஊசி ஏத்துற கை. அது வெண்கலத்திலை மாத்திரம் கேக்காதோ?

— அங்க நோயாளி மயங்கிடுவாரு. இங்க நான்ல மயங்கிடறேன்.

— போங்கோ, உங்கடை பகிடியும் நீங்களும். உந்த மேல் தட்டிலை ஒரு வெள்ளைக் கட்டி கிடக்கு, எடுங்கோ.

— இதென்னங்க, படிகாரமா? ஷேவ் பண்ணிட்டுத் தடவுவாங்களே?

— ஓம், அதுதான். இஞ்சை வெம்பிளிக் கடையளிலை எங்கடை சனம் நாவூறு, கண்ணூறு கழிக்க வாங்கிறது. சிலிண்டரை இந்த எனாமல் சட்டிக்குள்ளை வைச்சு, படிகாரத்தைப் போட்டு, தண்ணி விட்டு மெல்லிய நெருப்பிலை கொதிக்க வைச்சால் உள்ளை கிடக்கிற உருக்கு டேப் துண்டை மட்டும் அரிச்செடுக்கும். வெண்கலத்திலை கை வையாது. இரும்புச் சட்டியிலை மட்டும் வைச்சிடாதேங்கோ, சட்டியும் போயிடும்.

— எவ்வளவு நேரம் ஆகும்?

— அடுப்பு மூட்டியாச்சு, ரெண்டு மணித்தியாலம் எண்டு வையுங்கோ. அவசரமோ?

— இல்லீங்க. அவசரமே இல்ல.

— உங்களுக்கு ஒருநாளும் அவசரமில்லை. தொண்ணூறாம் ஆண்டு இந்தக் குட்டி நீராவி ரயில் எஞ்சினைத் துடங்கினீங்கள், இப்ப தொண்ணூற்றிரண்டு முடியப் போகுது. எங்கடை லண்டன் எஞ்சின் கிளப்பிலை யோகராஜா உங்களுக்குப் பிறகு துடங்கினவர். அவரின்ரை எஞ்சின் போன கோடைக்கே பார்க்கிலை பிள்ளையளை ஏத்திக்கொண்டு ஓடிச்சுது.

— அவரு சின்ன வயசுக்காரரு, சுறுசுறுப்பு. ஃபிளாஸ்க்ல காபி கொண்டு வந்திருக்கேன், குடிக்கலாமா? பையிலதான் இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க. என் கையெல்லாம் எண்ணெய்.

— எடுக்கிறன்... டொக்டர், இது என்ன?

— எது?

— லேஞ்சித் துணிக்குள்ளை சுத்தி வைச்சிருக்கிறது. பொயிலருக்கு மேலை பூட்டுற சேஃப்டி வால்வ் எல்லோ இது?

— ஓ, அதா... கடையில வாங்கினேன்.

— எந்தக் கடை?

— சவுத்தால் பக்கம்... ஒரு கடை.

— சவுத்தாலிலை சாறி விப்பினம், ஜிலேபி விப்பினம். இது விக்கிறேல்லை. என்னைப் பாத்துக் கதையுங்கோ. கடைச் சாமான் எண்டால் விளிம்பு கையைக் கிழிக்கும். இதிலை விளிம்பெல்லாம் சின்ன அரத்தாலை ரெண்டு இழுப்பு இழுத்து மழுக்கியிருக்கு. அப்பிடிச் செய்யாமல் ஒரு சாமானையும் லேத்தாலை கழட்டக் கூடாது எண்டு சொல்லுறவள் நான். மரையைப் பாருங்கோ, அங்குலத்துக்கு நாப்பது மரை, ஒண்டிலையும் ஒரு காயம் இல்லை. ஆர் செய்தது?

— நான்தான்.

— எங்கை வைச்சு?

— வீட்டுலதாங்க. கராஜ்ல ஒரு சின்ன லேத் வாங்கி வெச்சிருக்கேன். போன வருஷம் ஆகஸ்ட்ல.

— அப்ப இந்த ஏழு டேப்பும்?

— முதல் ரெண்டு சத்தியமா தானாத்தான் உடைஞ்சுது.

— மிச்சம் அஞ்சும்?

— நான் உடைச்சேன்.

— என்னைப் பேய்க்காட்டினீங்கள்.

— தவநாயகி, நான் சொல்றதை...

— கதைக்காதேங்கோ. கிழமையிலை ஆறு நாள் ஃபக்டரியிலை லேத்துக்கு முன்னாலை நிக்கிறன். ஏழாம் நாளும் கால் வீங்க வீங்க உங்களோடை நிண்டனான். பாவம், கை வராத மனுசன் எண்டு. என்ரை தங்கச்சி தவமலர் கேட்டவள், ஆரக்கா அந்த இந்தியா டொக்டர், ஞாயிறு தவறாமல் வாறார், சனம் கதைக்குது எண்டு. விசரி, அந்த மனுசனுக்கு ஒரு மரை நேரா வெட்டத் தெரியாதடி எண்டு உங்களுக்காண்டி அவளோடை சண்டை பிடிச்சனான். என்ன, வாயைத் திறவாமல் நிக்கிறீங்கள்?

— பேசாதேன்னு சொன்னீங்களே.

— இப்ப சொல்லுங்கோ.

— என் மனைவி லலிதா போய் நாலு வருஷம் ஆச்சு. வீட்டுக்குப் போனா டிவி சத்தம் மட்டும்தான். கிளப்ல உங்களை முதல்ல பார்த்தப்போ ஒருத்தரைத் திட்டிட்டு இருந்தீங்க. லேத்தை இறுக்கிற சாவியை அதுலயே விட்டுட்டு ஸ்விட்சைப் போட்டா அது பறந்து நெத்தியிலதான் வந்து நிக்கும்னு. எனக்கு அடிபட்டுடுமேன்னு கவலைப்பட்டு என்னை யாரும் திட்டி ரொம்ப நாளாச்சேன்னு தோணிச்சு.

— ஏச்சு வாங்கவோ வந்தனீங்கள்?

— கத்துக்கத்தான் வந்தேன். கத்துக்கிட்டேன். அப்புறம் பார்த்தா எஞ்சின் முடிஞ்சிடும் போல இருந்துச்சு. முடிஞ்சிட்டா, எதைச் சொல்லிட்டு இங்க வர்றது?

— ஸ்டேடியத்திலை மட்ச் நடந்த அண்டு கார் விட இடமில்லாமல் ஒரு மைல் நடந்து வந்தீங்கள். கொட்டுற மழையிலை. ஒரு சின்ன ஸ்க்ரூவைக் காட்டுறதுக்கு. அண்டைக்கே எனக்கு விளங்கியிருக்க வேணும்.

— கோவமா?

— கோவம் இல்லையெண்டு சொல்லேலாது. என்ரை மனுசன் ஆனந்தராஜா செத்த பிறகு இந்த லேத்தை விக்கச் சொல்லி எல்லாரும் நிண்டவை. பொம்பிளைக்கு ஏன் எண்டு. அவருக்கே நான்தான் இதைப் பழக்கினனான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் வந்து, இவ்வளவு படிச்ச மனுசன், நான் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு நிக்கேக்கை எனக்குப் பெருமையா இருந்தது. அதுவும் நடிப்போ எண்டுதான் நோகுது.

— அது நடிப்பில்லீங்க. உங்க கையில இருக்கிற வால்வைப் பாருங்க. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையைக் கூட நான் விட்டதில்ல.

— ம்.

— சரிங்க. இனிமே நான் வரல. ஊர் உங்களைப் பேசறதுக்கு நான் காரணமா இருக்க வேண்டாம். சிலிண்டர் ஆறினதும் எடுத்துட்டுப் போயிடறேன்.

— இருங்கோ. காப்பியைக் குடியுங்கோ முதல். பாதியிலை விட்டிட்டுப் போற வேலை என்ரை ஷெட்டிலை இல்லை.

— சரிங்க.

— சீனி கூடிப்போச்சு.

— அடுத்த தடவை... இல்ல, ஒண்ணுமில்ல.

— ரெண்டு மணித்தியாலம் ஆகுது, சட்டியைப் பாப்பம். குறட்டாலை தூக்குங்கோ, கையாலை இல்லை! தண்ணி கறுத்திட்டுது.

— துண்டு கரைஞ்சிடுச்சா?

— முழுக்கக் கரையேல்லை, மெலிஞ்சு போச்சு. ஊசியாலை ஒரு தட்டு... பாருங்கோ, விழுந்திட்டுது. ஓட்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை. வடிவாக் கழுவித் துடைச்சுப்போட்டுப் புது டேப் எடுங்கோ. எனக்கு முன்னாலை வெட்டுங்கோ. பொய்யில்லாமல்.

— அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து...

— வாயாலை வெட்ட வேண்டாம், கையாலை வெட்டுங்கோ.

— சரிங்க.

— ம்... நேராப் போகுது. அழுத்தாதேங்கோ, தன்ரை பாட்டிலை இழுத்துக்கொண்டு போகும். இப்ப பின்னுக்கு. சீவலைத் துடையுங்கோ... எவ்வளவு வடிவா வெட்டுறீங்கள், பாவி மனுசன்!

— முடிஞ்சுதுங்க.

— இனி மூடியைப் பூட்டுங்கோ. ஒரு ஸ்க்ரூவையே இறுக்கிக்கொண்டு போகாதேங்கோ, இதிலை கொஞ்சம், எதிர்ப்பக்கத்திலை கொஞ்சம். ஓம். சிலிண்டரை எஞ்சினிலை வையுங்கோ. கார் ரயருக்குக் காத்தடிக்கிற கால் பம்ப் அங்கை கிடக்கு, ஆவிக்குப் பதிலாக் காத்து விட்டுப் பாப்பம், குழாயிலை கொழுவுங்கோ. நான் மிதிக்கிறன், நீங்கள் சக்கரத்தைப் பாருங்கோ.

— அசையல... கொஞ்சம் இருங்க... சுத்துது! தவநாயகி, சுத்துதுங்க! நிறுத்தாதீங்க!

— ஓம், தெரியுது. கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பாருங்கோ, கண்ணெல்லாம் தண்ணி.

— படிகாரப் புகை.

— ஓமோம், புகைதான். சரி டொக்டர். வால்வும் இருக்கு. இனி இதிலை நான் காட்டித்தர ஒண்டுமில்லை.

— ஆமா. அப்ப நான் கிளம்பறேன். ரொம்ப நன்றிங்க, எல்லாத்துக்கும்.

— ஒரு சொல்லு. இனி ஞாயிற்றுக்கிழமையளிலை உந்தச் சைட் கேற்றாலை ஷெட்டுக்கு வராதேங்கோ.

— வரமாட்டேன். அதான் சொல்லிட்டேனே.

— முன் கதவு பெல்லை அடியுங்கோ. வாற ஞாயிறு மகள் சிவகௌரி லீட்ஸிலை இருந்து வாறாள், உங்களை ஆர் எண்டு அவளுக்கு நான்தான் சொல்ல வேணும்.