கிண்ணியாவின் கடைசி ‘ஆ’

தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் ஜனாப் கலீலுர் றஹ்மான் அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே, தட்டி மறைப்புக்கு அப்பாலிருந்து என் பிழைகளை முதலில் பிடிக்கப்போகும் தாய்மார்களே, இந்தப் பாராட்டு விழாவின் நாயகி, எங்கள் கணிப்பகத்தின் புதிய பொறுப்பாளர் செல்வி ஜெஸீமா றஊப் அவர்களே, கொட்டியாரக் குடாவைக் கடந்து வந்திருக்கும் மூதூர் நண்பர்களே, கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்கவேண்டிய சங்கத்துத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவு.

நான் மேடைக்குப் பழகியவன் அல்லன். இயந்திரத்தோடு கதைப்பவன். அது கைதட்டாது. பிழை விட்டால் நின்றுவிடும். அவ்வளவுதான்.

எங்கள் கணிப்பகம் துறைக்கு அக்கரையில், ஓர்ஸ் ஹில் குன்றின்மேல் இருக்கிறது. என்ன வேலை? கடலை வாசிக்கும் வேலை. கடல் ஏறுவதையும் வற்றுவதையும் இறங்குதுறைகளில் ஒரு கருவி காகித நாடாவில் துளைகளாகக் குத்தும். முதலில் துறையின் பெயர், ஆங்கில எழுத்தில். பிறகு கடல்மட்டம். பார்வைக்கு எல்லாம் துளைகள்தான். அவற்றைப் பெயராகவும் எண்ணாகவும் விரிக்கப் பழைய கணினியில் ஒரு கட்டளைத் தொடர் இருந்தது. இயந்திரத்தின் சொந்த மொழியில் எழுதியது. மனிதர் வாசிக்க எழுதியதல்ல.

இவ்வருடம் புதிய கணினி வந்தது. அதற்குப் பழைய மொழி புரியாது. போர்ட்ரான் என்ற மொழியில் மாற்றி எழுத வேண்டும். எழுதியவர்கள் ஜெஸீமாவும் நானும்.

தலைமை அதிகாரி சோமசேகரம் எங்களைக் கூப்பிட்டார். “மாத முடிவுக்குள்ள இது ஓடவேணும். ஓடாட்டில் நாடாவெல்லாம் கொழும்புக்குப் போகும். உங்கட வேலையும் பின்னால போகும்.”

எனக்குக் கொழும்பு ஒரு ரயில் பயணம். ஜெஸீமாவுக்கு? அதோ இருக்கிறார் அவருடைய வாப்பா. மகளை வேலைக்கு விட்டது ஒரே நிபந்தனையில். துறையைக் கடக்கும் மிதவையான பின்னேரப் பாதையில் ஏறி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கொழும்பிலிருந்து இந்தக் கிண்ணியாத் துறைக்கு எந்தப் பாதை மிதக்கிறது? ஓம், சிரியுங்கள். அன்று ஜெஸீமா சிரிக்கவில்லை.

வரிக்கு வரி மாற்றினோம். ஓட்டினோம். பெயர் சரியாக வந்தது. கிண்ணியா. கடல்மட்டம்? கடல் இறங்குதுறையை விழுங்கி, சந்தையை விழுங்கி, ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஜன்னலுக்கு மேலே நின்றது. வெளியே எட்டிப் பார்த்தேன். ஒருவர் சைக்கிளில் போனார். நனையவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தேன். ஒவ்வோர் அளவும் இரண்டு துண்டுகளாகப் பதிவாகிறது. பழைய கணினிக்குச் சிறிய துண்டு முதலில் வரவேண்டும். புதியதற்குப் பெரிய துண்டு. பன்னிரண்டை இருபத்தொன்று என்று வாசிப்பதுபோன்ற பிழை. நாடா முழுவதையும் இரண்டிரண்டாகப் புரட்டிப் போட்டேன். கடல் கீழ்ப்படிந்து இறங்கியது. என் பெருமையோ மத்தியானச் சோறு வரைகூடத் தாங்கவில்லை. பெயரின் எழுத்துகளும் சோடி சோடியாக இடம் மாறிவிட்டன. கிண்ணியாவைக் காணவில்லை. அந்த இடத்தில் ‘இக்ன்யி’ என்றோர் ஊர். கடைசி ‘ஆ’ மட்டும் சோடியில்லாமல் தள்ளித் தனியே நின்றது, பாதையைத் தவறவிட்ட பயணிபோல.

பின்னாலிருந்து கேட்கிறார்கள், மூதூர் என்ன ஆனது என்று. சொன்னால் கோபிக்கக்கூடாது. ‘உம்ட்ரு.’

ஜெஸீமா வந்து பார்த்தார்.

“சேர், கடல் இறங்கிட்டு. எங்கட ஊரைத்தான் காணயில்ல.”

“ஏலாது, ஜெஸீமா. எண்ணைத் திருத்தினால் பெயர் கெடுகுது. பெயரைத் திருத்தினால் எண் கெடுகுது.”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“நீங்க குர்ஆன் ஓதப்பள்ளிக்கு வந்திருக்கோணும், சேர். இது அறபு எழுத்தில எழுதுற எங்கட அறபுத்தமிழ் மாதிரி. எழுத்து வலப்பக்கத்தால வரும். நடுவில ஒரு வருஷம் வந்தா, அந்த இலக்கம் மட்டும் இடப்பக்கத்தால. அதில பிழை விட்டு ஓதித் தந்த லெப்பைட்ட எத்தன குட்டு வாங்கியிருப்பன்.”

“அப்ப?”

“எல்லாத்தையும் ஏன் புரட்டுறீங்க? எது பேர், எது இலக்கம் எண்டு முதல்ல பாருங்க. இலக்கத்த மட்டும் புரட்டுங்க.”

அவரே உட்கார்ந்து எழுதினார். ஓடியது. கிண்ணியா, கடைசி ‘ஆ’ வரை முழுசாக. மூதூர், முழுசாக. கடல், கடலின் இடத்தில். சோமசேகரம் தாளைப் பார்த்துச் சொன்னார்: “சரி. கடலுக்குக் கொழும்பு பிடிக்கயில்லைப் போல.” நாடாக்கள் ஓர்ஸ் ஹில்லிலேயே நின்றன. ஜெஸீமா பையைத் தூக்கிக்கொண்டு பின்னேரப் பாதைக்கு ஓடினார்.

அன்பர்களே, மாற்றி எழுதுவது என்றால் என்ன? எல்லாவற்றையும் தலைகீழாக்குவதா? எதையுமே தொடாமல் விடுவதா? எது புரள வேண்டும், எது புரளக்கூடாது என்று அறிவது அல்லவா? எண் புரளட்டும். ஏடு புரளட்டும். இயந்திரம் மாறட்டும், மொழி மாறட்டும். ஊரின் பெயர் ஊரின் பெயராகவே வரட்டும். அதைச் செய்யத் தெரிந்தவருக்கே அந்த அறையின் திறப்புக் கொத்தைக் கொடுத்திருக்கிறோம். அவர் கையில் அது பத்திரமாக இருக்கும்.

தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஜெஸீமா தினமும் பிடிக்கும் பாதையை இன்று நான் எதிர்த்திசையில் பிடிக்க வேண்டும். பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையில்லாமல் சிரித்தவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. வலப்பக்கத்தால் என் ஸலாம் வருகிறது. இடப்பக்கத்தால் என் வணக்கம் வருகிறது. இரண்டையும் புரட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.