வாக்குச்சீட்டை எரித்து ஓய்வூதியத்தை மீட்ட வெர்னா அம்மையாருக்கு

டொலிடோ நகரச் சரக்குக் கிடங்கின் சங்கநாதமே! சளைப்பறியாச் சக்கரமே! நாற்பத்தோராண்டுகள் எங்களோடு சரக்கேற்றியும் சரக்கிறக்கியும், அதைவிட அதிகமாய்ச் சண்டை பிடித்தும் வாழ்ந்த எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியே! எங்கள் குழப்பத்தின் குலவிளக்கே! அம்மையார் வெர்னா ப்ருகோவ்ஸ்கி அவர்களே, வணக்கம்!

குழப்பத்தின் குலவிளக்கு என்று எழுதியவுடனே, "இது பாராட்டா, திட்டா?" என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. எங்களுக்கே தெரியவில்லை, அம்மையாரே! எங்கள் ஓய்வூதியம் பறிபோனதற்கும் தாங்களே காரணம், திரும்பி வந்ததற்கும் தாங்களே காரணம் என்றால், மாலையை எந்தக் கணக்கில் போடுவது?

நம் ஓய்வூதிய நிதியோ பல முதலாளிகள் கூடிப் பணம் கட்டிய பொதுப்பானை. ஒரு நிறுவனம் மூடினாலும் மற்றவை தாங்கும் என்று நம்பி, சம்பள உயர்வைக்கூட விட்டுக்கொடுத்து அதை வளர்த்தோம். ஒவ்வொரு லாரி நிறுவனமாகக் கதவடைத்துப் போனபின், பானையின் அடி தெரிந்தது. புதிதாய் வந்த ஒரு சட்டத்தின்படி, ஓய்வூதியத்தைப் பாதியாகக் குறைக்கலாமா என்று கேட்டு வீட்டுக்கு வீடு வாக்குச்சீட்டு வந்தது.

அன்று தாங்கள் பொங்கிய பொங்கு இருக்கிறதே! மறியல் கோட்டைத் தாண்டாதே, முதலாளி நீட்டுவதைத் தொடாதே என்று வளர்ந்த சங்கத்தார் அல்லவா நாம்! "ஒருத்தரும் இதைக் கையால தொடக் கூடாது! தொட்டா, நம்ம வயித்துல அடிக்க நாமளே சம்மதிச்ச மாதிரி!" என்று முழங்கி, கிடங்கு வாசலில் இரும்புப் பீப்பாயில் தீ மூட்டி, முதல் சீட்டைத் தாங்களே போட்டீர்கள். நாங்களும் வரிசையில் நின்று போட்டோம். கையும் சூடாயிற்று, மனமும் குளிர்ந்தது. திரும்பி வராத சீட்டெல்லாம் சம்மதம் என்றே எண்ணப்படும் என்பது அந்தச் சட்டத்தின் விதி என்று, முடிவு வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் மறுப்பு முழுவதையும் நாங்களே எரித்திருந்தோம். என்ன கொடுமை, அம்மையாரே!

இதோ இந்த வழியனுப்பு விழாவில் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆர்லன் டூபெக் ஐயா, அப்போது ஓய்வுபெற்றுப் பத்தாண்டு ஆன லாரி ஓட்டுநர். ஓய்வூதியம் பாதியானதும், எழுபத்து மூன்று வயதில் மளிகைக் கடையில் பை கட்டிக் கொடுக்கப் போனார். சங்கக் கூடத்தில் எல்லோர் முன்னும் அவர் கேட்டது எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. "ஏம்மா வெர்னா, நெருப்பு மூட்டி நீங்க குளிர் காஞ்சீங்க. இப்ப நடுங்குறது நானா?"

அடுத்த மாதம் ஓய்வுபெற வேண்டிய தாங்கள் ஓய்வு பெறவில்லை. முட்டிவலியோடு சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டே, வெட்டிய ஓய்வூதியத்தை அரசே மீட்டுத் தர வேண்டும் என்ற ஒரு சட்ட வரைவுக்காக, விடுமுறை கிடைத்த போதெல்லாம் பேருந்து பிடித்து வாஷிங்டன் போனீர்கள். அங்கே ஒரு செனட்டரின் உதவியாளர், "பல முதலாளி திட்டம்னா, ஒரே ஆளுக்குப் பல முதலாளியா?" என்று கேட்க, "ஒரு முதலாளி போனாலும் இன்னொருத்தன் கஞ்சி ஊத்துவான்னு போட்ட திட்டம் தம்பி. இப்ப முதலாளி எல்லாரும் போயிட்டாங்க, நாங்க மட்டும் இருக்கோம்" என்றீர்களாம். அந்தத் தம்பி நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம். எங்களுக்கு அந்தச் சட்ட வரைவை மூன்று முறை விளக்கினீர்கள், மூன்று முறையும் வேறு வேறு மாதிரி. நாங்களும் மூன்று முறையும் புரிந்ததாகத் தலையாட்டினோம். மன்னிக்க வேண்டும்!

விழுந்த வரைவு எழுந்தது, எழுந்தது விழுந்தது, ஒருநாள் சட்டமாகியே விட்டது. அரசு நம் நிதிக்குப் பணம் தந்தது. கடனா என்றால் கடனில்லை, தானமா என்றால் அதுவும் இல்லையாம். வெட்டியதெல்லாம் பழைய பாக்கியோடு வந்து சேர்ந்தபோது, ஏதோ மோசடி என்று அஞ்சி ஆர்லன் ஐயா வங்கிக்கு இரண்டு முறை போய்க் கேட்டார். பிறகு கிடங்கு வாசலுக்கு வந்து, தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் வெர்னா, வீட்டுக்குப் போ" என்று அழுதார். நாங்களும் அழுதோம். கோபம் போயிற்றா என்று கேட்டால், முழுதாகப் போகவில்லை. நன்றி வந்ததா என்றால், அது முழுதாக வந்துவிட்டது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

ஆனால் தாங்கள் போகவில்லையே! ஓய்வு விண்ணப்பத்தைக் கொடுப்பதும் வாங்கிக்கொள்வதுமாக இரண்டு முறை ஆயிற்று. போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறையாக அதைத் திரும்பக் கேட்டு அலுவலகத்தில் நின்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இருக்குன்னு சொன்ன காசு ஒரு தடவை இல்லாம போச்சுல்ல? நான் வேலையை விட்ட மறுநாள் திரும்பவும் போச்சுன்னா, இந்த முட்டியை வச்சுக்கிட்டு யாரு கிட்ட போய் வேலை கேப்பேன்?" என்றீர்கள். எழுபது வயதில் தங்களுக்கு அந்தப் பயம் இருக்கலாமா? இருக்கக் கூடாது என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

பாராட்டு மடலை நூறாண்டு வாழ்க என்று முடிப்பது வழக்கம். அந்த வரியை எழுதும்போதுதான் எங்களுக்குத் தலை சுற்றியது. அரசு தந்த பணம் 2051 முடியப் போதும் என்று கணக்கிட்டுத்தான் தந்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் தங்களுக்கு வயது தொண்ணூற்றேழு. நூறாண்டு வாழுங்கள் என்று நாங்கள் வாயார வாழ்த்தினால், கடைசி மூன்றாண்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை. குறைத்து வாழ்த்தலாமா என்று ஒருவர் கேட்டார், அவரை உட்கார வைத்துவிட்டோம்.

ஆகவே எங்கள் அம்மையாரே, அருமைத் தோழியே! முட்டிவலி தீர்ந்து, முகமலர்ந்து, பேரப்பிள்ளைகளோடு ஏரிக்கரையில் மீன் பிடித்து, முழுதாய் நூறாண்டு வாழ்க! அந்தக் கடைசி மூன்றாண்டுக்கு என்ன வழி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்கு வாஷிங்டன் போக வேண்டியவர்கள் இனி நாங்கள். நீங்கள் வீட்டுக்குப் போங்கள், வெர்னா.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
பகல், இரவு இரு பணிமுறைத் தொழிலாளர்கள்,
சரக்குக் கிடங்கு, டொலிடோ, ஒஹாயோ.