முன்கதவு

— மூக்கைப் பொத்திக்கிட்டு அங்கயே நில்லுங்க சார். கதவுக்கு உள்பக்க டோர் பேடைக் கழட்டுறேன்... கருமம்! செத்த எலி நாத்தம்கூட இதுக்குப் பரவாயில்ல.

— மெதுவா, மாஸ்டர்! அந்த மரச் சட்டம் ஒரிஜினல். அமெரிக்காவுலயே இப்ப கிடைக்காது.

— மேல ஒரிஜினல், உள்ள சாக்கடை. இருபதடிக் கப்பல் மாதிரி காரை வச்சுக்கிட்டு என்ன செய்ய? மத்த மூணு கதவும் கல்லு மாதிரி இருக்கு. இது மட்டும் துரு தின்னு சல்லடை. இந்தப் பக்கம் யாரு உட்காருவா?

— அப்பாதான். கடைசி ரெண்டு வருஷம் தினமும் காலையில நான்தான் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போவேன். தெருமுனை திரும்புறதுக்குள்ள கையில துப்பி, கண்ணாடி ஓரத்துல தடவுவாரு. சீ! எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

— உங்க போன் அடிக்குது சார். பானெட் மேல.

— அடிக்கட்டும். அக்காவா இருக்கும். கார் ரெடியானதும் அப்பா சீட்டுல ஒரு தடவை உட்காரணுமாம். கொன்னவளுக்குச் சவாரி ஒண்ணுதான் கேடு.

— கொன்னாங்களா?

— அப்பாவுக்கு ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை கொடுக்குறது அவ பொறுப்பு. 'கார்ல ஏறும்போது என் கையாலதான்டா கொடுத்தேன், வாயில போட்டுக்கிட்டாரு'ன்னு அழுதா. டாக்டர் ரத்தத்தைச் சோதிச்சுட்டு, மருந்து உள்ள போன அடையாளமே இல்லன்னுட்டாரு. பொணத்தைக்கூட அவளைப் பார்க்க விடல நான். அஞ்சு வருஷமாச்சு, வாசப்படி ஏத்தல.

— பெத்த பொண்ணையா?

— பொய் சொல்றவ மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

— உங்களுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டுது. இருங்க... தண்ணி வடியிற ஓட்டையை என்னமோ அடைச்சிருக்கு. சுண்ணாம்புக் குழம்பு மாதிரி, கை நிறைய வருது. அதான் மழைத்தண்ணி இறங்காம தகடு அழுகிருக்கு.

— சீ, கீழ போடுங்க! எலி எச்சமா?

— எலி எச்சத்துக்கு நடுவுல கோடு போட்டிருக்குமா? டார்ச்சை மேல அடிங்க. இந்தக் குறுக்குத் தகட்டுல தண்ணி படல. மாத்திரை முழுசு முழுசா ஒட்டிருக்கு பாருங்க. வட்டமா, ரோஸ் கலர்ல.

— டார்ச்சை நீங்களே பிடிங்க மாஸ்டர்.

— என்ன சார், இப்பவும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குறீங்க? கண்ணாடி ஓரத்து ரப்பர் தேஞ்சு, விரல் நுழையுற சந்து இருக்கு. அதுவழியாத்தான் தள்ளிருக்காரு. தினமும். பக்கத்துல நீங்க ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே.

— சத்தமாப் பேசாதீங்க மாஸ்டர்.

— யாரு இருக்கா இங்க? போன்தான் திரும்ப அடிக்குது. எடுத்துச் சொல்லிடுங்க.

— எடுக்குறேன். வந்து உட்காரச் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி அதையெல்லாம் வழிச்சு எடுத்துடுங்க. ஒண்ணு விடாம. அவகிட்ட மூச்சு விடக் கூடாது.

— இந்தாங்க துணி. நீங்களே வழிங்க சார். உங்க அப்பா எச்சில்தான்.