பெருநாளைக்கு வெள்ளை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த தன் ராத்தாவிடம், பக்கத்தில் நின்ற தங்கச்சி பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள்: "இந்தப் பெருநாளைக்கு நான் வெள்ளை உடுப்புத்தான் எடுக்கப்போறன்!"

"மெதுவாக் கதை புள்ள. மாசாமாசம் அவ்வளவு ரத்தம் போனது, கர்ப்பப்பைக்குள்ள வெக்கிற ஒரு லூப்புல நிண்டிட்டா? அது புள்ள வேணாமெண்டவங்களுக்குத்தானே?"

"இது மருந்து உள்ள லூப் ராத்தா. முதல் மூணு மாசம் கொஞ்சம் கொஞ்சம் பட்டிச்சு. இப்ப ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்!"

"நான் கர்ப்பப்பையையே எடுத்தன். ஆறு கிழமை ஒரு வாளி தண்ணி தூக்கல்ல. ஆனா ஒரேயடியா முடிஞ்சிது."

"உங்களுக்குப் பெரிய கட்டி இருந்திச்சே. எனக்கு அது இல்லயாம், டொக்டர் பார்த்துத்தான் சொன்னாங்க. புடிக்காட்டி இத எடுத்துப் போடவும் ஏலும்!"

நிந்தவூரில் ராத்தாவுக்குப் பக்கத்திலிருந்தவர் இறங்கினார். தங்கச்சி நின்றுகொண்டே இருந்தாள்.

"சீட் காலியாக் கிடக்கு, ஏன் நிக்கிறாய்?"

"சீட்டுல பட்டுருமெண்டு நாலு வருஷமா நிண்டே பழகிட்டன் ராத்தா!"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள், நன்றாகச் சாய்ந்தும் கொண்டாள். அக்கரைப்பற்றில் எல்லோரும் இறங்கிய பிறகும் எழும்பவில்லை. ராத்தாதான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.