மயில் வாகனம் துடைத்த துணி

தலைமை ஏற்றிருக்கும் தேனப்பன் செட்டியார் அவர்களே, சைகோன் மண்ணில் எங்களுக்கு முன்னே காலூன்றிய பெரியவர்களே, பிள்ளைகளை மடியில் அணைத்தபடி தெருவையே பார்த்திருக்கும் தாய்மார்களே, காரைக்கால், புதுச்சேரிச் சொந்தங்களே, வெள்ளையம்மையின் வணக்கம்.

மெதுவாகப் பேசச் சொல்கிறீர்களா? தெருமுனையில் பட்டாளத்து வண்டி நிற்பதை நானும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எண்ணெய், அமிலம் என்று பேச வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். ஜப்பான்காரன் போனான், பிரெஞ்சுக்காரன் திரும்பினான், நம் பயம் மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை நம் கோயில் வாகன அறையில் தீப்பிடித்தது. யாரோ குண்டு வீசினார்கள் என்று காவலர்கள் சொல்லி, கோயிலுக்கு எண்ணெய் டின் கொண்டுவந்த அமீர் அலியைப் பிடித்துப் போனார்கள். நாளை விடிந்தால் அவர் பட்டாளத்தார் கையில். அங்கே போனவர் திரும்பியதைக் கண்டவர் உண்டா?

வீசியவர் யார்? எவரும் இல்லை. எரித்தது எது? எண்ணெய்! மயில் வாகனத்துக்கு மெருகேற்ற நாம் பூசும் துங் எண்ணெய், பக்கத்துச் சோலோன் பேட்டைச் சீனர் கடைச் சரக்கு. மருந்துக்கடை மொரீஸ் விளக்கினார். அந்த மரத்துக் கொட்டையிலேயே எலியோஸ்டியரிக் அமிலம் ஊறுகிறதாம். நிறைவுறாத அமிலம். காற்றைக் கண்டால் இழுக்கும். இழுக்க இழுக்க இறுகும். இறுக இறுகச் சூடேறும். மரத்தில் பூசினால் சூடு பறந்துவிடும், மெருகு நிற்கும். துணியில் தோய்த்துச் சுருட்டினால் அந்தச் சூட்டுக்கு வழி ஏது?

நாம் என்ன செய்தோம்? சாமி வாகனம் துடைத்த துணி காலில் மிதிபடக் கூடாதென்று இறுக்கி முடிந்து கூடையில் அமுக்கி வைத்தோம். பக்தியில் வைத்தது, பற்றி எரிந்தது.

நம்பவில்லையா? இதோ இரும்பு வாளி. மதியம் நானே எண்ணெய் தோய்த்துக் கட்டிய மூட்டை. தலைவர் அவர்களே, தொடுங்கள். பார்த்தீர்களா, கையை உதறுகிறார்! தீக்குச்சி கிழித்தவர் யார்? மொரீஸ் அவர்களே, தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

நேற்று தலைவர் என்னிடம், "வாயைத் தொறந்தா நம்மளையும் ஏத்திக்கிட்டுப் போயிருவாக ஆச்சி" என்றார். பொய்யில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அமீர் அலியின் மனைவி ஹமீதா பானு என் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அவுக சட்டையைக் கொண்டாந்திருக்கேன் ஆச்சி. உள்ள குடுக்க யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க" என்றாள். அவள் பயத்தைவிடவா நம் பயம் பெரிது?

விடியுமுன் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்ல, அந்தத் துணியை முடிந்த கை வேண்டும். யாரது, பெண்கள் வரிசையில் எழுவது? ராக்கம்மையா? உரக்கச் சொல் தாயே.

"நாந்தான் முடிஞ்சேன் ஆச்சி. நான் வாரேன்."

கேட்டீர்களா சபையோரே? அவள் உடல் நடுங்குகிறது. எனக்கும்தான். நடுங்கிக்கொண்டே நடப்போம்! ஒருத்தி போனால் உள்ளே தள்ளுவார்கள். ஊரே போனால் எங்கே தள்ளுவார்கள்?

இருந்து கேட்டவர்களுக்கு என் நன்றி. எழுந்து வருகிறவர்களுக்கு என் வணக்கம்.