“செருப்பு இருக்கா பாருங்க”

ரியாத்தின் பத்தா கடைத்தெருவில், விமான நிலையம் போகும் வேனில், ஆள் சேரக் காத்திருந்தோம். முன் சீட்டில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த இளைஞர், கூட வந்த பெரியவரிடம் கேட்டார்:

“அண்ணே, எடது கால்ல செருப்பு இருக்கா பாருங்க.”

“இருக்கு. இன்னும் உணர்ச்சி வரலியா?”

“பாதம் மரத்துத்தான் கெடக்கு. கட்டடச் சாரத்துலேர்ந்து விழுந்தப்ப ரெண்டு காலும் அசையல. முதுகெலும்பு நொறுங்கி நரம்ப அழுத்துதுன்னாங்க. முதுக நீளமா கிழிக்காம, சின்னச் சின்ன ஓட்ட போட்டே அழுத்தத்த எடுத்து, ஸ்க்ரூ முடுக்கி நிறுத்திட்டாரு டாக்டர். வலது கால் வந்துருச்சு. இது வந்தாலும் வரும், வராமலும் போகுமாம்.”

“வீட்டுல என்ன சொல்லிருக்க?”

“சின்ன ஆபரேஷன்னு.”

“அடப்பாவி! ஊர் ஏர்போர்ட்லயே ஒன் சம்சாரத்துக்குத் தெரிஞ்சிடுமே.”

இளைஞர் ஊன்றுகோலை நிமிர்த்திப் பிடித்தார்.

“தெரியட்டும்ணே. நொண்டுறதப் பாத்தா அழுவா. ஆனா என்ன யாரும் தூக்கிட்டு வரலியே. நானேதான அவகிட்ட நடந்து போறேன்?”

பெரியவர் தலையாட்டினார்.

“அழட்டும். நீ நின்னுடாத, நட.”